ஹாம் வானொலிச் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம், 73 (ஹாம் வழக்கில் நல்வாழ்த்துகள்).

வழக்கமான பணிகள்: ஏப்ரல் 18 உலக அமெச்சூர் (ஹாம், அதாவது பொழுதுபோக்கு) வானொலி நாள் கொண்டாடப்பட்டது. அக்டோபரில் சாரணர்களின் வானலைச் சந்திப்பான ஜோட்டாவில் சாரண மாணவர்களைப் பேச வைத்தோம். உரிமத் தேர்வு வகுப்புகள் நடந்தன. மாலை நெட், அதாவது குறித்த நேரத்தில் வானலையில் கூடிப் பேசுவது, இடிமழை நாட்கள் தவிரத் தடைபடவில்லை. சைலன்ட் கீ ஆகிவிட்ட, அதாவது மறைந்த, நம் மூத்த உறுப்பினருக்கு அஞ்சலி.

இனி, ஜனவரியில் ஏற்காட்டில் நடத்திய ‘ஐபால்’, அதாவது நேருக்கு நேர், சந்திப்பு. "சங்கப் பணத்தில் பிக்னிக்" என்ற பேச்சு செயலாளர் காதுக்கும் வந்தது. ஆகவே சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆண்டுக்கணக்கில் வானலையில் பேசிக்கொள்கிறோம், கால்சைனும் (உரிமத்தோடு தரும் அடையாளக் குறி) குரலும்தான் தெரியும். குரலை வைத்து நாற்பது வயது என்று நினைத்தவர் எழுபதைத் தாண்டியவராக வந்து நிற்பார். எனவே பேட்ஜில் கால்சைன் பெரிதாக, பெயர் அதன் கீழே. கழுத்தில் தொங்கும் அட்டை எப்படியும் திரும்பிக்கொள்ளும். இரு பக்கமும் அச்சிட்டது நல்லதாயிற்று.

வருவோருக்கு வழிசொல்ல 145.500 மெகாஹெர்ட்ஸில் ஒரு நிலையம் வைத்தோம். முதல் ஒரு மணி நேரம் அது செவிடாகவே இருந்தது. காரணம் கருவி அல்ல. வந்து சேர்ந்தவர்கள் பக்கத்திலேயே நின்று ஹேண்டியை (கைக்கருவி) 5 வாட்டில் அழுத்திப் பேசியதில் ரிசீவர் திணறியது. 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்தார்கள். வளாகத்துக்குள் வந்ததும் ஹேண்டியை அணைத்துவிட வேண்டும். வழிசொல்லும் ஆன்டெனா மலைப்பாதையைப் பார்க்கும் சரிவில் இருக்க வேண்டும். அழகான காட்சி தெரியும் மறுபக்கத்தில் அல்ல.

40 மீட்டர் அலைவரிசைக்கு ஒன்று, 20 மீட்டருக்கு ஒன்று என இரண்டு நிலையங்கள். 7.1 மெகாஹெர்ட்ஸில் பேசினால் அதன் இருமடங்கான 14.2-இல் அடுத்த மேசைக்காரர் காதில் இரைச்சல். இரண்டு டைபோல்களையும் (இருபக்கக் கம்பி ஆன்டெனா) பக்கவாட்டில் இணையாகக் கட்டியதுதான் பிழை. முனைக்கு முனை ஒரே கோட்டில், இடம் விட்டுக் கட்டிய பிறகு பெருமளவு அடங்கியது. முழுதும் ஒழிய ஃபில்டர் வேண்டும். கம்பி வெட்டும்போது 143-ஐ 7.1-ஆல் வகுத்தால் 20.14 மீட்டர், பக்கத்துக்கு 10.07. முப்பது சென்டிமீட்டர் கூட விட்டு வெட்டி, எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு, குறைந்தால் நல்லது) பார்த்துக் குறைப்பதே முறை. கணக்கை நம்பி ஒரேயடியாக வெட்டியவர் பிறகு ஒட்டுப்போட்டார்.

100 வாட் ரிக் (மேசைமேல் வைக்கும் வானொலிக் கருவி) பேசும்போதெல்லாம் அணைந்துகொண்டிருந்தது. பாட்டரிமேல் பழி போட்டார்கள். பாட்டரிக்கும் ரிக்குக்கும் இடையே மூன்று மீட்டர், 1.5 சதுர மி.மீ. ஒயர். 20 ஆம்பியர் இழுக்கும்போது போகவரக் கம்பியிலேயே சுமார் ஒன்றரை வோல்ட் போய்விடும். 6 சதுர மி.மீ. ஒயர் போட்டதும் பிரச்சினை இல்லை.

பலன் என்ன என்று கேட்டவர்களுக்கு ஒன்று காட்டலாம். கேபிள் அசைந்தால் எஸ்.டபிள்யூ.ஆர். எகிறுவதாக ஓர் உறுப்பினர் ஓராண்டாக நெட்டில் சொல்லிவந்தார். நாமும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னோம். அவர் கொண்டுவந்த பி.எல். 259 கனெக்டரை (கேபிளின் முனையில் பற்றவைக்கும் இணைப்பு) திறந்தால், ஈயம் உலோகத்தில் படராமல் மிளகு போல உருண்டு உட்கார்ந்திருக்கிறது. பின்னல் கம்பி விரலால் இழுத்ததும் கையோடு வந்தது. அந்தக் கனெக்டரின் உலோக உடல் சூட்டையெல்லாம் குடித்துவிடும், 25 வாட் சால்டரிங் அயர்ன் காணாது. மேல்பூச்சைச் சுரண்டிவிட்டு 80 வாட்டில் வைத்ததில் பத்து நிமிட வேலை. வானலையில் இதை எந்த ஜென்மத்தில் கண்டுபிடித்திருப்போம்?

நரி வேட்டைக்கு, அதாவது ஒளித்துவைத்த டிரான்ஸ்மிட்டரைத் தேடும் போட்டிக்கு, ஸ்டீல் டேப்பும் பி.வி.சி. குழாயும் கொண்டு மூன்று எலிமென்ட் யாகி (திசை காட்டும் ஆன்டெனா). முதல் அணி நேர் எதிர்ச்சரிவுக்குப் போய்விட்டது. அவர்கள் பிடித்தது மலையில் பட்டுத் திரும்பிய சிக்னல். மேட்டில் ஏறி, தள்ளித்தள்ளி இரண்டு இடங்களில் திசை பார்த்திருந்தால் தப்பியிருக்கலாம். நரியை நெருங்கியதும் எந்தப் பக்கம் திருப்பினாலும் மீட்டர் முழுதாக நிற்கும். அப்போது ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, ஹேண்டியை மார்போடு அணைத்து மெல்லச் சுழல வேண்டும். சிக்னல் அமுங்கும்போது நரி முதுகுப் பக்கம். காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரத்தில், மிளகுக் கொடிக்குள் இருந்தது.

வருகை பற்றி. நெட்டில் "ராஜர், கண்டிப்பா வர்றோம் ஓ.எம்." (ஓல்டு மேன், ஹாம்கள் ஒருவரையொருவர் அழைப்பது) என்றவர்கள் 46 பேர். வந்தவர்கள் 29. ராஜர் என்றால் செய்தி கிடைத்தது என்று மட்டுமே பொருள், வருகிறேன் என்று பொருளில்லை என்பது, 46 பேருக்குச் சாப்பாடு சொன்ன செயலாளருக்கு மீந்த சாம்பாரைப் பார்த்தபோது முழுமையாக விளங்கியது.

சந்தா நிலவரமும் இதே கதைதான். நெட் பதிவேட்டையும் சந்தாப் பதிவேட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், நம் பேச்சை வாங்கித் தொலைவுக்கு மறு ஒலிபரப்பும் ரிப்பீட்டரில் அதிகம் பேசுவோருக்கும் அதன் மின்கட்டணத்துக்கும் தொடர்பிருப்பதாகத் தெரியவில்லை. கால்சைன்களை வாசிக்கப் போவதில்லை. ரிப்பீட்டர் பாட்டரி ஐந்தாம் ஆண்டில் இருக்கிறது. கரண்ட் போனால் முன்போல நெடுநேரம் தாங்குவதில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

வரவு செலவு ஏறக்குறைய சமமாக முடிந்தது. விழுந்த சிறு துண்டை ஒரு நலம் விரும்பி ஏற்றுக்கொண்டார். அவர் செயலாளரா என்று கேட்க வேண்டாம். விவரம் பொருளாளரிடம்.

தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், இடமளித்த எஸ்டேட் நண்பர், மாஸ்டில் (ஆன்டெனாக் கம்பம்) ஏறிய இளைஞர்கள் அனைவருக்கும் நன்றி.

1925-இல் பாரிஸில் தொடங்கிய பன்னாட்டு அமெச்சூர் வானொலி ஒன்றியத்துக்கு 2025 ஏப்ரல் 18-ஆம் தேதியோடு நூறாண்டு நிறைவு. அதையொட்டி இன்னொரு சந்திப்பு நடத்த எண்ணம் உண்டு, தனியொருவரால் அல்ல. இம்முறை முன்பணம் 300 ரூபாய் கட்டியவருக்கே பேட்ஜ், அவருக்கே சாப்பாடு. பொறுப்பேற்க முன்வரும் வி.யு.3 (கால்சைன் இப்படித் தொடங்கும்) இளைஞருக்குச் சாவி, பதிவேடு, மாஸ்ட் எல்லாவற்றையும் அன்றே ஒப்படைக்கத் தயார்.

ஏற்காட்டில் விட்டுச்சென்ற இரண்டு ஹேண்டி சார்ஜர், ஓர் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர், ஒரு மஃப்ளர் ஆகியவை செயலாளரிடம் உள்ளன. உரியவர்கள் நடப்பாண்டுச் சந்தா ரசீதைக் காட்டிப் பெற்றுக்கொள்ளலாம்.

செயலாளர்