வயிற்றைத் தொட்டறிந்த கையே பிள்ளையையும் ஏந்தட்டும்

நீலகிரியில் மகப்பேற்றுச் சேவைக்குப் பொறுப்பேற்றிருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். பந்தலூர் வட்டாரத்துத் தேயிலைத் தோட்டக் குடியிருப்பிலிருந்து பிரசவத்துக்குப் புறப்படும் பெண் எந்தச் சாலையில், எதையெல்லாம் கடந்து வர வேண்டியிருக்கிறது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். ஆகவே அதை விவரிக்கப் போவதில்லை. சென்ற மாதம் என் தங்கைக்கு நேர்ந்ததைச் சொல்லி, ஒரே ஒரு வேண்டுகோளை முன்வைக்கவே இம்மடலை எழுதுகிறேன். கருவுற்ற பெண்ணை மாதந்தோறும் பார்த்துவரும் செவிலியர்களில் ஒருவரை அவளே தேர்ந்துகொள்ளவும், பிரசவ நேரத்தில் அவரே உடனிருக்கவும் வழி செய்யுங்கள்.

தங்கைக்கு இது முதல் பிள்ளை. ஐந்தாம் மாதம் தொடங்கி அவளைப் பார்த்துவந்த செவிலியர், வயிற்றில் கை வைத்தே பிள்ளையின் தலை எங்கே, முதுகு எங்கே என்று சொல்லிவிடுவார். ஊசியைக் கண்டால் அவளுக்கு மயக்கம் வரும் என்பது கர்ப்பகாலப் பரிசோதனை அட்டையைப் பார்க்காமலே அவருக்குத் தெரியும். அவர் சொல்லித்தான் தங்கை ஒரு நோட்டுத் தாளில் தன் விருப்பங்களை எழுதினாள். அம்மா உடன் இருக்க வேண்டும். வலி எடுக்கும்போது எழுந்து நடக்க விட வேண்டும். பிள்ளை வெளிவரும் வழியைப் பெரிதாக்க அவசியமின்றி வெட்டுப் போடக் கூடாது, போட நேர்ந்தால் முன்பே சொல்ல வேண்டும். பிறந்தவுடன் பிள்ளையை மார்பில் கிடத்த வேண்டும். சிக்கல் என்று மருத்துவர் சொன்னால் அறுவை சிகிச்சைக்கும் சம்மதம் என்று அடியில் எழுதிக் கையெழுத்தும் இட்டிருந்தாள். பிரசவத் தேதிக்குப் பத்து நாள் இருக்கையில் அந்தச் செவிலியரை வேறு பணிக்கு அனுப்பிவிட்டார்கள்.

வலி கண்ட இரவில், சாலையில் யானை நின்றதால் ஆம்புலன்ஸ் முக்கால் மணி நேரம் விளக்கை அணைத்துக் காத்திருந்து, பிறகுதான் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் பெயரை நான் எழுதவில்லை. இரவெல்லாம் கண்விழித்து வேலை செய்தவர்களைத் தண்டிக்கச் சொல்வது என் நோக்கமன்று. ஆனால் தங்கை நீட்டிய தாளை வாங்கியவர், அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் இரத்த அழுத்தக் கருவியின் அடியில் வைத்துவிட்டார். அம்மாவை வெளியே நிறுத்தினார்கள். தங்கையை மல்லாக்கப் படுக்கவைத்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். எழுந்து நடக்கட்டுமா என்று கேட்டதற்கு அதட்டல்தான் கிடைத்தது. வெட்டுப் போட்டிருக்கிறார்கள் என்பதே தையல் போடும்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அம்மாவோ வெந்நீர் பிளாஸ்க்கை இரு கைகளாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, உள்ளிருந்து வந்த அலறல்களில் தன் மகளின் குரல் எது என்று பிரித்தறிய முயன்றபடி, விடியும்வரை அந்தக் கதவருகிலேயே நின்றார். தாயும் பிள்ளையும் நலம். நலமாக வந்துவிட்டார்களே, இன்னும் என்ன குறை என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்குப் பயந்துதான் எங்கள் பெண்கள் இதுவரை எதையும் வெளியே சொல்லாமல் இருந்திருக்கிறார்கள்.

தங்கை கேட்டது எதுவும் ஆடம்பரமன்று. பிரசவ நேரத்தில் பெண் விரும்பும் துணை ஒருவர் உடனிருக்க வேண்டும், நடமாட ஊக்கப்படுத்த வேண்டும், எல்லோருக்கும் வழக்கமாக வெட்டுப் போடுவதைத் தவிர்க்க வேண்டும் என்று 2018-இல் உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைத்திருக்கிறது. அதே ஆண்டு இந்திய அரசு வெளியிட்ட மருத்துவச்சிச் சேவை வழிகாட்டுதலில், செவிலியர்களுக்கு 18 மாதப் பயிற்சி அளித்து, சிக்கலில்லாத பிரசவங்களை அவர்கள் பொறுப்பில் விடும் தனிப் பிரிவுகளைத் தொடங்குவது பற்றிச் சொல்லப்பட்டிருக்கிறது. அப்படிப்பட்ட ஒரு பிரிவை எங்கள் வட்டத்தில் தொடங்குவதற்கு என்ன தடை?

வீட்டிலேயே பிள்ளை பெற்றுக்கொள்கிறோம் என்று நான் கேட்கவில்லை. தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் மருத்துவச்சிப் பாட்டி பிள்ளை எடுத்த காலத்தில், உதிரப்போக்கு நிற்காமல் கண்மூடிய தாய்மார்களை எங்கள் குடும்பங்கள் மறக்கவில்லை. ஆனால் அந்தப் பாட்டி, வலியில் துடிப்பவளின் இடுப்பை நீவிவிட்டபடி இரவு முழுவதும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். மருத்துவமனையின் பாதுகாப்போடு அந்தத் துணையும் வேண்டும் என்பதுதான் எங்கள் கோரிக்கை. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடந்தன, 44.9 விழுக்காடு சிசேரியன், தனியார் மருத்துவமனைகளிலோ 63.8 விழுக்காடு. பெண்களை மருத்துவமனைக்கு வரவழைத்துவிட்டீர்கள், அது பெரிய சாதனை. வந்தவளிடம் முகம் பார்த்துப் பேச ஆளில்லை என்றால், கடன் வாங்கியாவது தனியாருக்குப் போகத்தான் அவள் நினைப்பாள். ஸ்கேனுக்கு ஒரு நாள், இரத்தப் பரிசோதனைக்கு ஒரு நாள் என்று கூலியை இழந்தே வருகிறவர்கள் இவர்கள். எட்டாம் மாதத்திலும் கொழுந்து பறிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இதையெல்லாம் எழுதத் தொடங்கினால் மடல் நீளும்.

ஆகவே பணிவுடன் மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். ஏழாம் மாதத்திலேயே பெண் தன் செவிலியரைத் தேர்ந்துகொள்ளட்டும். அவருக்கு விடுப்பு நேர்ந்தால் வர, அவளுக்கு அறிமுகமான இன்னொருவரும் இருக்கட்டும். பிரசவத் தேதி நெருங்கும்போது அவ்விருவரையும் ஒருசேர வேறு பணிக்கு அனுப்பாதீர்கள். பெண் எழுதித் தரும் தாளைப் படித்து, முடியாததை முடியாது என்று காரணத்துடன் சொல்லி, அதை அட்டையோடு சேர்த்து வையுங்கள்.

என் சித்தி மகளுக்கு வரும் வெள்ளிக்கிழமை வளைகாப்பு. தங்கை எழுதியதைப் பார்த்து அவளும் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறாள். அதை அவள் யாரிடம் கொடுக்க வேண்டும் என்று தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பந்தலூர் வட்டாரத் தேயிலைத் தோட்டக் குடும்பத்துப் பெண் ஒருத்தி