பெண்கள் ஐக்கிய சங்கம்: 2025ஆம் ஆண்டின் செயலாளர் அறிக்கை

சங்கத் தலைவி ஆயரம்மா அவர்களுக்கும், கமிட்டி அங்கத்தினர்களுக்கும், தாய்மார் சகோதரிகள் அனைவருக்கும் இயேசு கிறிஸ்துவின் இனிய நாமத்தில் வாழ்த்துதல்.

வழக்கமான காரியங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை ஜெபக்கூட்டம் முறைப்படி வீடு வீடாக நடந்தது. மார்ச் 7ஆம் தேதி உலக ஜெப நாளைப் பக்கத்துச் சபைகளோடு சேர்ந்து ஆசரித்தோம். இந்த முறை ஆராதனை ஒழுங்கைத் தயாரித்தவர்கள் குக் தீவுகளின் பெண்கள். 139ஆம் சங்கீதம்தான் மையம். லெந்து என்னும் தவக்காலத்தில், சமைக்கும்போது கைப்பிடியாக எடுத்து வைத்துச் சேர்த்த பிடி அரிசி, தேவையுள்ள குடும்பங்களுக்குப் போனது. செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை நாளுக்கான காணிக்கை எடுத்தோம். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்கள்.

இந்த ஆண்டு கமிட்டியில் அதிக நேரம் பேசப்பட்டது ஒரே காரியம்தான். அதை விவரமாகவே எழுதியிருக்கிறேன்.

திருப்பூரிலேயே பிறந்தவர்கள் நம் சங்கத்தில் கொஞ்சம் பேர். மற்றவர்கள் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத், சாயர்புரம், சாத்தான்குளம் பக்கமிருந்து பனியன் வேலைக்கென்று வந்த குடும்பங்கள். வாடகைக்கு வீடு பார்த்துத் தந்ததும், பிரசவத்துக்குக் கூட நின்றதும், துக்க வீட்டில் காப்பி போட்டுக் கொடுத்ததும் அன்றைக்குச் சபையார்தான். சொந்தக்காரர்கள் எல்லாம் ஒரு ராத்திரிப் பயணத்துக்கு அப்பால் இருந்தார்கள். இப்போது அதே வேலைக்கு, இன்னும் தூரத்திலிருந்து ஜார்கண்டின் வாலிபப் பெண்பிள்ளைகள் வருகிறார்கள். சிம்டேகா, கும்லா, குந்தி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். கம்பெனி விடுதியில் தங்குகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வெளியே விடுவார்கள்.

“இவர்களும் நம்மவர்களா?” என்று சிலர் கேட்டதால் இதைப் பதிவு செய்கிறேன். இந்தப் பிள்ளைகளில் பலர், 1845இல் ஜெர்மனியிலிருந்து ராஞ்சிக்கு வந்த கோஸ்னர் மிஷனெரிமார் தொடங்கிய லுத்தரன் சபையில் தலைமுறை தலைமுறையாக இருப்பவர்கள். ஆராதனை ஒழுங்கு அவர்களுக்குப் புதிதல்ல. பிரசங்கம் ஒரு வார்த்தை புரியாது. ஆனால் எங்கே எழும்ப வேண்டும், எங்கே முழங்கால்படியிட வேண்டும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நாம் “பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே” என்று தொடங்கும்போது அவர்கள் இந்தியில் தொடங்கி, நமக்கு முன்பாகவே ஆமென் சொல்லிவிடுகிறார்கள்.

ஆரம்பத்தில் அவர்களுக்கு நல்ல உபசாரம் செய்தோம். முன்வரிசையில் நாற்காலி, டீ, பிஸ்கட், கைதட்டல், போட்டோ எல்லாம் உண்டு. அப்புறம் வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். விருந்தாளி எத்தனை வாரம்தான் விருந்தாளியாகவே வந்துகொண்டிருப்பார்?

சபையார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகையில்தான் காரியம் மாறியது. முந்தின நாள் ராத்திரி, கோவில் கொட்டகையில் காய்கறி நறுக்க ஆள் போதவில்லை. ஆறு பிள்ளைகள் அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருந்தார்கள். உட்காருங்கள் என்றால் உட்காரவில்லை. ஒரு பிள்ளை அரிவாள்மணையை இழுத்துப் போட்டு, பலகையைக் காலால் அழுத்திக்கொண்டு, ஒரு கூடைக் கத்தரிக்காயை நறுக்கித் தண்ணீரில் போட்டுவிட்டாள். அவர்கள் ஊரிலும் தரையில் உட்கார்ந்து இதே மாதிரி ஒன்றில்தான் நறுக்குவார்களாம். நம் வாலிபப் பெண்களோ கத்தி தேடிக்கொண்டிருந்தார்கள்! விடியற்காலையில் சின்ன வெங்காயம் உரித்து முடிக்கும்போது எல்லார் கண்ணிலும் தண்ணீர். யாருக்கு யார் எந்தப் பாஷையில் கேலி பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் பந்தியில் சோறும் கறிக்குழம்பும் பரிமாறினவர்களில் அவர்களும் இருந்தார்கள். அதன்பின் அவர்களை யாரும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

விடுதியில் ஒரு சிக்கல் இருந்தது. பொறுப்பேற்க ஆள் வந்து கையெழுத்துப் போட்டால்தான் அனுப்புவோம் என்றார்கள். பிள்ளைகளின் பாதுகாப்புக்காகச் சொல்வதால் அதைக் குறை சொல்வதற்கில்லை. நம் அங்கத்தினர் இருவர் போனார்கள். வாசல் பதிவேட்டில் ‘உறவுமுறை’ என்று ஒரு கட்டம். என்ன எழுதட்டும் என்று காவலாளி கேட்க, “சித்தின்னு எழுதுங்க” என்று ஒருவர் சொல்லிவிட்டார். காவலாளி பேனாவை வைத்துவிட்டு இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தாராம். அன்றிலிருந்து முறை வைத்துப் போகிறோம். பதிவேட்டில் இப்போது நிறையச் சித்திகளும் பெரியம்மாக்களும் இருக்கிறார்கள். ரோமர் 16:13இல் பவுல், ரூபுவின் தாயைத் தனக்கும் தாய் என்றுதானே எழுதுகிறார்.

ஆகஸ்டில் ஒரு பிள்ளை காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, துணைக்கு ஆள் வேண்டும் என்றார்கள். ராத்திரிக்கு ஒருவராக இருந்தோம். அவளுடைய அம்மாவோடு போனில் பேச, இந்தி தெரிந்த நம் ஞாயிறு பள்ளி ஆசிரியை உதவினார்கள்.

வீடு சந்திப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். புதிதாக வருகிறவர்களிடம் “எந்த ஊர்?” என்று கேட்கிறோம். பிறகு ஊரில் எந்தத் தெரு, யார் வகையறா என்று கேள்வி இறங்கிக்கொண்டே போகிறது. அது எங்கே போய் நிற்கும் என்பது கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். இந்த ஆண்டு ஒரு குடும்பம் அதற்காகவே வேறு சபைக்குப் போய்விட்டது. காரணத்தை என்னிடம் நேராகவே சொன்னார்கள். ஞானஸ்நானத்தில் கேட்காத கேள்வியை டீ குடிக்கும்போது கேட்பது சரியல்ல என்பது என் அபிப்பிராயம். கமிட்டியும் இதை ஏற்று, வீடு சந்திப்பில் ஊருக்கு மேல் கேட்பதில்லை என்று தீர்மானம் எழுதியிருக்கிறது. ஒருசிலருக்கு இதில் வருத்தம் உண்டு. தீர்மானம் தீர்மானம்தான்.

மாதம் ஒருமுறை ஒரு வேதபாடத்தை இந்தியில் வாசிக்கலாம் என்ற யோசனைக்கு இரண்டு பக்கமும் பேச்சு இருந்தது. ஆராதனை நீண்டுவிடும் என்பது ஒரு பக்கம். நமக்குப் புரியாமல் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்தால் அவர்கள் நிலைமை தெரியும் என்பது இன்னொரு பக்கம். ஆயர் அவர்களின் முடிவுக்கு விட்டிருக்கிறோம்.

கடைசியாக, நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடுதிப் பிள்ளைகள் எங்களிடம் வந்து, “எல்லாரிடமும் சந்தா வாங்குகிறீர்கள், எங்களிடம் ஏன் கேட்பதில்லை?” என்று கேட்டார்கள். பதில் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அன்றே வாங்கி ரசீது போட்டாயிற்று. அவர்கள் பெயர்கள் ஜனவரி முதல் அங்கத்தினர் ஏட்டில் ஏறுகின்றன. வியாழக்கிழமை கூட்டத்துக்கு அவர்களால் வர முடியாது. ஆகவே மாதத்தில் ஒரு கூட்டத்தை ஞாயிறு ஆராதனைக்குப் பின் நடத்த வேண்டுமென்றும், முதல் கூட்டத்தின் பொறுப்பு அவர்களுடையது என்றும் கமிட்டி முன்மொழிகிறது. டீயும் அவர்களே போடுவார்களாம். பால் வாங்க மட்டும் ஒருவர் பெயர் கொடுக்கவும்.

இந்த முன்மொழிவோடு 2025ஆம் ஆண்டின் அறிக்கையைச் சங்கத்தின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்,
பெண்கள் ஐக்கிய சங்கம்