கறுத்துப் போகாத குடுவைகளுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

ஆய்வுக் கட்டுரைகளின் கடைசியில் நன்றி என்று இரண்டு வரி வரும். நிதி தந்தவர்கள் பெயரோடு அது முடிந்துவிடும். பினாங்கில் பல்லேடியம் என்ற உலோகத்தோடு மல்லுக்கட்டியே காலத்தைக் கழித்துவிட்டு இப்போது ஓய்வுபெறுகிறேன். அந்த இரண்டு வரியில் இடம் கிடைக்காதவர்களுக்குத்தான் இந்த மடல்.

நான் என்னதான் செய்தேன் என்று உறவினர்கள் இன்னும் கேட்கிறார்கள். ஒரு கார்பனோடு இன்னொரு கார்பனை, நாம் நினைத்த இடத்தில் இணைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. கொஞ்சம் பல்லேடியம் இருந்தால் அது கல்யாணத் தரகர் மாதிரி இரண்டையும் சேர்த்துவைத்துவிட்டு அடுத்த ஜோடியைத் தேடிப் போய்விடும். 1979இல் ஜப்பானிய வேதியியலாளர்கள் சுசுக்கியும் மியாவுராவும் போரான் சேர்மங்களைக் கொண்டு இதைச் செய்து காட்டினார்கள். 2010இல் ஹெக், நெகிஷி, சுசுக்கி மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இரத்த அழுத்தத்துக்கு நம் வீட்டுப் பெரியவர்கள் விழுங்கும் லோசார்டானில் இரண்டு பென்சீன் வளையங்கள் ஒட்டி நிற்கின்றன அல்லவா, அவற்றை ஒட்டவைக்க உதவியது இந்த வினைதான்.

சரி, நன்றிக்கு வருகிறேன்.

முதலில் கண்ணாடிப் பட்டறை அங்கிள். வினையை முடுக்கிவிடும் எங்கள் பல்லேடிய வினையூக்கி மஞ்சள் பொடி. காற்றுப் பட்டால் பழுப்பாகிவிடும். வினை நடக்கும்போது காற்று புகுந்தாலோ, குடுவைக்குள் கறுப்பாகப் படிந்து வேலையை நிறுத்திவிடும். அதனால் பக்கக் குழாயும் திருகும் வைத்த குடுவைகள் இல்லாமல் எங்களுக்குப் பிழைப்பே இல்லை. மாணவர்கள் உடைத்துக்கொண்டு வருவதை அவர் ஒரு வார்த்தை திட்டாமல் வாங்கி வைப்பார். சுடரில் உருக்கி ஒட்டி, உலையில் வைத்து மெதுவாக ஆறவிடுவார். அப்புறம் விளக்குக்கு முன்னால் பிடித்து, ஒட்டுப்போட்ட இடத்தில் இறுக்கம் மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் மறுபடியும் உலைதான். அவசரம் என்று கெஞ்சினாலும் தரமாட்டார். வெற்றிடம் இழுக்கும்போது அது முகத்துக்கு நேரே வெடிக்கும் என்பது எங்களைவிட அவருக்குத் தெரியும்.

ஆய்வகத்துப் பாக் சிக்குக்கும் (மலாயில் அங்கிள்) அதே அளவு கடன்பட்டிருக்கிறேன். இந்த ஊர் ஈரக்காற்றில் கரைப்பான்களை உலர்வாக வைத்திருப்பது தனிக் கலை. ஹரிராயா பெருநாள் விடுமுறையிலும் வந்து திரவ நைட்ரஜனை நிரப்பிவிட்டுப் போனவர் அவர்.

கெடா மாநிலத்திலிருந்து மூட்டை மூட்டையாக உமி கொடுத்த நெல் ஆலைக்காரருக்கு நன்றி. காசு வாங்க மறுத்துவிட்டார். உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. அதன்மேல் பல்லேடியத்தை ஏற்றினால் வடிகட்டி எடுத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். விழுங்கும் மருந்தில் பத்து லட்சத்தில் 10 பங்குக்குமேல் பல்லேடியம் இருந்தால் சிக்கல். ஆகவே எங்கள் பாதி உழைப்பு அதை வெளியே எடுப்பதில்தான் போனது.

தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில், படிகாரத்தைக் கரைத்துப் படிகம் வளர்க்கச் சொன்ன ஆசிரியருக்கும், சட்டையில் கரைப்பான் வாடையோடு வந்தவனுக்கு நள்ளிரவிலும் சோறு போட்ட மனைவிக்கும் நன்றி என்பது சின்ன வார்த்தை. இருந்தாலும் சொல்லிக்கொள்கிறேன்.

மாணவர்களே, உங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசுகிறேன். அதற்குள் ஒரு வேலை: அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கும் பல்லேடியக் கழிவுப் புட்டிகளைக் கொட்டிவிடாதீர்கள். மீட்டெடுக்க அனுப்புங்கள். அந்தப் பணத்தில் அடுத்த ஆண்டுக்கான கரைப்பான் வாங்கலாம்.