அயர்லாந்தின் தொகுதிகளும் லைட்ரிம் கவுண்டியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அயர்லாந்தில் 2024 நவம்பரில் நடந்த பொதுத்தேர்தலைப் பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். டாயில் எனப்படும் அந்நாட்டுக் கீழவையின் இடங்கள் 160-இலிருந்து 174 ஆகவும், தொகுதிகள் 39-இலிருந்து 43 ஆகவும் உயர்ந்ததைக் குறிப்பிட்ட கட்டுரையாளர், மக்கள் பெருகினால் இடங்களும் பெருகும் என்ற நேர்மையான கணக்கை அந்நாடு தொடக்கம் முதலே கடைப்பிடித்து வருவதாக எழுதியிருக்கிறார். நாற்பது ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்தவன் என்ற முறையில், அந்த ஒரு கருத்தை மட்டும் மறுக்க விரும்புகிறேன். எத்தனை பேருக்கு ஓர் உறுப்பினர் என்ற கேள்வியைவிட, ஒரு தொகுதிக்கு எத்தனை உறுப்பினர், அதன் எல்லைக் கோட்டை வரைவது யார் என்ற கேள்விகளே அங்கே பெரிதாக இருந்திருக்கின்றன.

1800 வரை டப்ளினில் இயங்கிய பழைய நாடாளுமன்றத்தின் மக்களவையில் 300 உறுப்பினர்கள் இருந்தார்கள். அவர்களில் 234 பேர், பரோ எனப்படும் 117 நகரத் தொகுதிகளிலிருந்து வந்தவர்கள். வெக்ஸ்போர்டு கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற பிரிவு) உள்ள பான்னோ அவற்றுள் ஒன்று. கடலோர மணல் மூடி அந்த ஊர் அழிந்து பல தலைமுறைகள் ஆகியிருந்தன. பாழடைந்த தேவாலயமும் கல்லறைகளும்தான் எஞ்சியிருந்தன. ஆயினும் அந்த ஊரின் பெயரால் இருவர் தொடர்ந்து அவையில் அமர்ந்து வந்தார்கள். பிரிட்டனோடு இணைக்கும் சட்டம் வந்தபோது இத்தகைய 84 பரோக்கள் ஒழிக்கப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் 15,000 பவுன் வீதம் மொத்தம் 12,60,000 பவுன் இழப்பீடு வழங்கப்பட்டது. அந்தப் பணத்தின் பெரும்பகுதி, தொகுதியைக் குடும்பச் சொத்தாகவே வைத்திருந்த பிரபுக்களுக்குப் போய்ச் சேர்ந்தது. தொகுதி என்பது மக்களுடையது என்ற எண்ணம் அப்போது சட்டத்திலேயே இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

1801 முதல் லண்டன் நாடாளுமன்றத்தில் அயர்லாந்துக்கு 100 இடங்கள் தரப்பட்டன. 32 கவுண்டிகளுக்கும் ஆளுக்கு இரண்டு இடங்கள்; மிகப் பெரிய கார்க்குக்கும் இரண்டு, வடமேற்கில் உள்ள சிறிய லைட்ரிமுக்கும் இரண்டு. 1828-இல் கிளேர் இடைத்தேர்தலில் சிறு குத்தகைக்காரர்கள் நிலவுடைமையாளரின் சொல்லை மீறி, கத்தோலிக்கர்களின் தலைவரான டேனியல் ஓ'கானலை வெற்றிபெறச் செய்தார்கள். மறு ஆண்டே கத்தோலிக்கர் நாடாளுமன்றத்தில் அமரும் உரிமை கிடைத்தது. ஆனால் அதே வேளையில் அந்த எளிய வாக்காளர்களின் வாக்குரிமை பறிக்கப்பட்டது. கவுண்டித் தொகுதிகளின் வாக்காளர் எண்ணிக்கை ஏறத்தாழ 2,16,000-இலிருந்து 37,000 ஆகச் சுருங்கியது. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் என் குரல் தழுதழுத்திருக்கிறது. வென்று கொடுத்தவர்களே தோற்றுப் போனார்கள்.

மக்கள்தொகைக் கணக்கு எவ்வளவு பொய்யாக இருக்க முடியும் என்பதை 1840-களின் பெரும் பஞ்சம் காட்டியது. 1841-இல் அயர்லாந்தில் ஏறக்குறைய 82 லட்சம் பேர் இருந்தார்கள். ஐக்கிய இராச்சியத்தின் மக்களில் பத்தில் மூவர் அவர்கள். ஆனால் 658 இடங்களில் அவர்களுக்குக் கிடைத்தவை 105 மட்டுமே. பஞ்சத்துக்கும் இடைவிடாத குடிபெயர்வுக்கும் பின், 1911-இல், அதே அயர்லாந்தின் மக்கள் 44 லட்சமாகவும், மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவும் ஆகிவிட்டார்கள், இடங்களோ 103. அயர்லாந்துக்குத் தகுதிக்கு மீறிய இடங்கள் இருக்கின்றன என்று அப்போது லண்டனில் முறையிட்டவர்கள், அந்த விகிதம் எப்படி மாறியது என்பதை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். இடங்கள் கூடவில்லை, மக்கள் மாண்டார்கள், கப்பலேறினார்கள். லைட்ரிமில் மட்டும் 1841-இல் 1,55,000-க்கும் மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். 2022 கணக்கெடுப்பில் எண்ணப்பட்டவர்கள் சுமார் 35,000 பேர்.

1922-இல் தனி நாடானபின் வந்த அரசியலமைப்பு, 20,000 முதல் 30,000 பேர் வரையிலானவர்களுக்கு ஓர் உறுப்பினர் என்று வரையறுத்தது உண்மைதான். 1937-இன் அரசியலமைப்பும் அதையே வைத்துக்கொண்டது. நம் மாநிலங்களவைத் தேர்தலில் சட்டமன்ற உறுப்பினர்கள் 1, 2, 3 என்று விருப்ப வரிசையிட்டு வாக்களிப்பதைப் போல, அங்கே பொதுமக்களே வரிசையிட்டு வாக்களிக்கிறார்கள். இம்முறையில் தொகுதியின் அளவே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 1923-இல் கால்வே ஒன்பது உறுப்பினர்களைக் கொண்ட ஒரே தொகுதியாக இருந்தது. பத்தில் ஒரு பங்கு வாக்கைச் சற்றே தாண்டியவர் வென்றுவிடலாம். மூன்று உறுப்பினர் தொகுதியிலோ கால் பங்கைத் தாண்ட வேண்டும், எனவே சிறு கட்சிகள் கரையேறுவது கடினம். இதை ஆட்சியில் இருந்தவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். 1947-இல் ஃபியானா ஃபாயில் கட்சியின் அரசு மூன்று உறுப்பினர் தொகுதிகளை 15-இலிருந்து 22 ஆக உயர்த்தியது. மறு ஆண்டுத் தேர்தலில், புதிதாகத் தோன்றிய கிளான் நா பொப்லாக்டா கட்சி 13 சதவீதத்துக்கு மேல் வாக்குகள் பெற்றும், 147 இடங்களில் 10 மட்டுமே பெற்றது. வேட்பாளர்களை அளவுக்கு மீறி நிறுத்தியதும் அதற்கு ஒரு காரணம். இந்த வாக்கு முறையையே ஒழிக்க 1959-இலும் 1968-இலும் அரசு பொதுவாக்கெடுப்பு நடத்தியபோது மக்கள் இரு முறையும் மறுத்துவிட்டார்கள். அந்த மக்களை நான் பெரிதும் மதிக்கிறேன்.

ஆனாலும் எல்லைக் கோடு அமைச்சரின் மேசையில்தான் இருந்தது. 1974-இல் உள்ளாட்சி அமைச்சர் ஜேம்ஸ் டல்லி, டப்ளின் பகுதியைப் பெரும்பாலும் மூன்று உறுப்பினர் தொகுதிகளாகத் துண்டாடினார். அப்போது எதிர்க்கட்சியாக இருந்த ஃபியானா ஃபாயிலுக்கு ஒன்று, தம் ஆளும் கூட்டணிக்கு இரண்டு என்பது அவர் போட்ட கணக்கு. அந்தக் கணக்கு, எதிர்க்கட்சியின் வாக்கு ஓரளவுக்குள் நிற்கும்வரைதான் செல்லும். 1977-இல் ஃபியானா ஃபாயில் 50 சதவீதத்தைத் தாண்டியதும் அதே கோடுகள் அதற்கே சாதகமாகத் திரும்பின. 148 இடங்களில் 84 அதற்குக் கிடைத்தன. அந்த வெற்றிக்குப் பிறகே பிரதமர் ஜாக் லிஞ்ச் எல்லை வரையும் பணியைச் சுதந்திரமான ஆணையத்திடம் ஒப்படைத்தார். அதன் பரிந்துரைப்படி 1980 சட்டம் 166 இடங்களை அமைத்தது. கட்டுரையாளர் புகழும் நேர்மைக்கு வயது அரை நூற்றாண்டுகூட ஆகவில்லை.

ஆணையம் வந்த பின்னும் லைட்ரிமின் துயரம் தீரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1937 முதல் 1948 வரை அதன் பெயரில் மூன்று உறுப்பினர்களைக் கொண்ட தனித் தொகுதி இருந்தது. 1969-இல் அந்தக் கவுண்டி டனிகால், ஸ்லைகோ, ராஸ்காமன் என்று மூன்று அண்டைக் கவுண்டிகளின் தொகுதிகளுக்குப் பங்கு போடப்பட்டது. பின்னர் ஒன்றாகி, 2007-இல் மீண்டும் வடக்கு, தெற்கு எனப் பிளவுபட்டபோது, இரு தொகுதிகளின் உறுப்பினர்களும் ஸ்லைகோவையும் ராஸ்காமனையும் சேர்ந்தவர்களாகவே அமைந்தார்கள். லைட்ரிமில் வசிக்கும் ஒருவர்கூட டாயிலில் இல்லை. கவுண்டி எல்லைகளை இயன்றவரை மீறக்கூடாது என்று 1997 சட்டம் சொல்லியிருந்தும் இது நடந்தது. 2016 தேர்தலில்தான் அந்தக் கவுண்டி முழுவதும் ஸ்லைகோவுடன் ஒரே தொகுதிக்குள் வந்தது. மூன்று உறுப்பினர்களுக்குக் குறைவாக எந்தத் தொகுதியும் இருக்கக்கூடாது என்று அரசியலமைப்பு விதிக்கிறது. இப்போதைய சராசரியில் அதற்கு 85,000-க்கும் மேற்பட்ட மக்கள் வேண்டும். 35,000 பேரைக் கொண்ட லைட்ரிம் தனித் தொகுதியாக இனி அமைய வழியில்லை. பஞ்சம் காலிசெய்த வீடுகளின் எண்ணிக்கை இன்றும் அவர்களின் வாக்குச்சீட்டில் தெரிகிறது.

அடுத்து அயர்லாந்தைப் பற்றி எழுதும்போது இவற்றையும் கட்டுரையாளர் கருத்தில் கொள்வார் என்று நம்புகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
தஞ்சாவூர்