முன்கூட்டிய தேர்தல் துணிவின் அடையாளமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பதவிக்காலம் மிச்சமிருக்கும்போதே மக்களிடம் தீர்ப்புக் கேட்கும் தலைவரைத் துணிச்சல்காரர் என்று தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை பாராட்டியிருந்தது. என்னால் அதை ஏற்க இயலவில்லை. இலங்கை அரசியலின் அசைவு எதுவும் எங்கள் ராமேசுவரம் தீவின் கரையைத் தொடாமல் போவதில்லை என்பதால், அங்கு நடந்ததையே சான்றாக வைக்கிறேன்.

அன்றைய இலங்கை அதிபர் மகிந்த ராஜபக்ச, பதவிக்காலம் முடிய ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இருக்கையில், 2014 நவம்பர் 20 அன்று அதிபர் தேர்தல் அறிவிப்பில் கையெழுத்திட்டார். இரண்டாம் பதவிக்காலத்தில் நான்கு ஆண்டுகள் நிறைந்த கையோடு, சட்டம் இடம் கொடுத்த முதல் வாய்ப்பிலேயே அதைச் செய்தார். ஏன் அவ்வளவு அவசரம்? இரண்டு மாதங்களுக்கு முன் நடந்த ஊவா மாகாணத் தேர்தலில் அவருடைய கூட்டணி வென்றபோதிலும், 2009-இல் 72 விழுக்காடாக இருந்த அதன் வாக்கு 51 விழுக்காடாகச் சரிந்திருந்தது. போர் வெற்றி தந்த செல்வாக்கு கரையத் தொடங்கியிருந்தது. காத்திருந்தால் இன்னும் கரையும். சோதிடர் குறித்த நாள் என்றும் அப்போது பேசப்பட்டது. ஊவாவின் எண்களே போதுமான விளக்கம் என்பது என் கருத்து.

எங்கள் தீவில் அந்த வாரத்தை யாரும் மறக்க மாட்டார்கள். போதைப்பொருள் வழக்கில் எங்கள் மீனவர் ஐவருக்குக் கொழும்பு உயர் நீதிமன்றம் அக்டோபர் 30 அன்று மரண தண்டனை விதித்த செய்தி வந்ததும், தண்டவாளத்தையே பெயர்க்கும் அளவுக்கு மக்கள் கொதித்தார்கள். தேர்தல் அறிவிப்புக்கு முந்தைய நாள், நவம்பர் 19-இல், அந்த ஐவரும் அதிபரின் மன்னிப்பால் விடுதலையானார்கள். நம் அரசின் முயற்சியும் அதில் உண்டு. அவர்கள் உயிரோடு திரும்பியதே எங்களுக்குப் பெரிது. ஆயினும் ஐந்து உயிர்களும் ஒருவருடைய தேர்தல் கணக்கில் ஏறியிருந்தனவோ என்ற அச்சம் இன்றும் எங்களை விட்டு அகலவில்லை.

அறிவிப்பு வந்த மறுநாளே அவருடைய கட்சியின் பொதுச்செயலாளர் மைத்திரிபால சிறிசேன எதிரணியின் பொது வேட்பாளரானார். 2015 ஜனவரி 8-இல் 51.28 விழுக்காடு பெற்று வென்றார். கணக்குப் பிசகியதால் கணக்கே போடவில்லை என்று ஆகிவிடாது. அதே சிறிசேன 2018 நவம்பரில் நாடாளுமன்றத்தை முன்கூட்டியே கலைத்தபோது, அது அரசியலமைப்புக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் நாட்டிலும் 1970 டிசம்பரில் மக்களவையைக் கலைத்த இந்திரா காந்தி வென்றார், 2004-இல் வாஜ்பாய் தோற்றார். இருவரும் தமக்கு வாய்ப்பான நாளையே தேர்ந்தார்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பது விசைப்படகு வைத்திருக்கும் அனைவருக்கும் முன்பே தெரியும். ஒருவர் மட்டும் தம் வசதிக்கேற்ப அந்த நாளை மாற்றிக்கொள்ள முடியுமானால் மற்றவர்கள் ஒப்புவார்களா?

எல்லா முன்கூட்டிய தேர்தலையும் நான் குறை சொல்லவில்லை. 225 பேர் கொண்ட இலங்கை நாடாளுமன்றத்தில் மூன்றே இடங்கள் வைத்திருந்த கட்சியின் தலைவரான அநுர குமார திசாநாயக்க, அதிபர் தேர்தலில் வென்றால் நாடாளுமன்றத்தைக் கலைப்பேன் என்று முன்னரே மக்களிடம் சொல்லிவிட்டு, 2024 செப்டம்பரில் அவ்வாறே கலைத்தார். அவ்வாறு எதுவும் சொல்லாமல் திடீரென்று நாள் குறிக்கும் தலைவரிடம், எஞ்சிய மாதங்களில் எது நிகழும் என்று அஞ்சுகிறீர்கள் எனத் தங்கள் செய்தியாளர்கள் நேரில் கேட்க வேண்டும் என வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர்,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்