பேரேட்டை எடைக்குப் போடுவதற்கு முன்

தொழிலை மூடுகிறவர்களுக்கும், கடையைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கிறவர்களுக்கும், வணிகர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

ஆவணக் காப்பகத்துக்கு வரும் பழைய கணக்குகளைப் பார்த்துப் பட்டியல் போடுவது என் வேலை. உங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. பரணிலும் படிக்கட்டுக்கு அடியிலும் கிடக்கும் பேரேடு, சம்பளப் பதிவேடு, ரசீதுக் கட்டு, கடிதக் கோப்பு எதையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பக்கத்தில் இருக்கும் காப்பகத்துக்குக் கொடுங்கள்.

"வெறும் வரவு செலவுதானே, இதில் என்ன சரித்திரம்?" என்று பலர் கேட்கிறார்கள். ஒரு பட்டறையின் சம்பளப் பதிவேடு ஒருமுறை என் மேசைக்கு வந்தது. பெயர், வேலை பார்த்த நாள், கூலி, கடைசிக் கட்டத்தில் கைநாட்டு. ஒருவர் பெயருக்கு நேரே மாதாமாதம் ஊதா மையில் பெருவிரல் ரேகை. ஏழெட்டுப் பக்கம் தள்ளிப் பார்த்தால், அதே கட்டத்தில் கோணல்மாணலாக ஒரு கையெழுத்து. கடைசி எழுத்து கோட்டைத் தாண்டி அடுத்தவர் கட்டத்துக்குள் இறங்கியிருந்தது. அதற்கப்புறம் அவர் ரேகை வைக்கவே இல்லை. வரிக் கோப்பிலும் வழக்குக் கட்டிலும் எவ்வளவு தேடினாலும் அவர் கையெழுத்துப் போடத் தொடங்கிய அந்த மாதம் அகப்படாது.

இத்தாலியின் பிராத்தோ நகர வணிகர் பிரான்செஸ்கோ தத்தீனி 1410-இல் இறந்தார். அவர் சேர்த்துவைத்த சுமார் 1,50,000 கடிதங்களும் 500-க்கும் மேற்பட்ட கணக்குப் புத்தகங்களும் அவர் வீட்டிலேயே கிடந்து, 1870-இல்தான் வெளிச்சத்துக்கு வந்தன. கம்பளி என்ன விலைக்குப் போனது என்பது மட்டுமா அதில் இருக்கிறது? அவருடைய மனைவி மார்கெரித்தா முப்பது வயதுக்கு மேல் தன் கையாலேயே எழுதக் கற்றுக்கொண்டதும் அந்தக் கடிதங்களில்தான் தெரிகிறது. அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டவர்கள் எவராவது ஒருநாள் இடத்தை ஒழித்திருந்தால் எல்லாம் போயிருக்கும்.

கொடுக்கும்போது தயவுசெய்து தரம் பிரிக்காதீர்கள். அழகான அட்டை போட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். மிச்சம் குப்பைக்குப் போய்விடுகிறது. ஒரு ரசீது எந்தப் பேரேட்டின் எந்தப் பக்கத்தில் செருகியிருந்ததோ, அங்கே இருந்தால்தான் அது யாருடையது என்று சொல்ல முடியும். ஒருவரிடமிருந்து வந்ததைக் கலைக்காமல் ஒரே தொகுப்பாக வைப்பது பிரான்சில் 1841-இலேயே விதியாகிவிட்டது. இன்று எல்லா இடத்திலும் அதுதான் நடைமுறை. கிழிந்த பக்கத்துக்கு செல்லோடேப் போடாதீர்கள். பசை மஞ்சளாகிக் காகிதத்துக்குள்ளேயே இறங்கிவிடும், பிறகு எடுப்பது பெரும்பாடு. லேமினேஷனும் வேண்டாம்.

கடன்பட்டவர்கள் பெயர், பங்காளித் தகராறு எல்லாம் அதில் இருக்குமே என்ற பயம் நியாயமானது. இத்தனை வருஷத்துக்கு யாருக்கும் காட்டக் கூடாது என்று நிபந்தனை எழுதியே கொடுக்கலாம்.

சங்கப் பொறுப்பாளர்களே, உறுப்பினர் ஒருவர் கடையை மூடப்போவது உங்களுக்குத்தான் முதலில் தெரியும். அவர் சாவியை ஒப்படைக்கும் முன் காப்பகத்துக்கு ஒரு தகவல் சொல்லிவிடுங்கள். என்னைப் போன்ற ஒருவர் வந்து, தூசியோடு அப்படியே எடுத்துப்போவார்.