வாக்குத்தத்த அட்டையில் இல்லாத வசனங்கள்

அன்புள்ள ஆயர் ஐயா அவர்களுக்கும் சபைக் கமிட்டிப் பெரியவர்களுக்கும், கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட் லைனிலிருந்து உங்கள் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை எழுதுவது. ஸ்தோத்திரம்.

போன மாதக் கமிட்டியில் எடுத்த முடிவு எனக்கும் வந்து சேர்ந்தது. இனி வீட்டு ஜெபக் கூட்டங்களில் ஆறுதல் வசனங்களையும் வாக்குத்தத்தங்களையும் மட்டும்தான் வாசிக்க வேண்டும், ஜனங்களைச் சோர்வாக்கும் பகுதிகளைத் தவிர்க்க வேண்டும் என்று சொன்னார்கள். எதனால் இந்த முடிவு என்பது நம் எல்லோருக்கும் தெரியும். மேல் லைன் வீட்டில் நான் 88-ஆம் சங்கீதத்தை வாசித்ததால்தான். தயவுசெய்து அந்த முடிவைத் திரும்பப் பெறுங்கள். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

அன்று அங்கே நடந்ததை, அங்கே இல்லாதவர்கள் சொல்லித்தான் கமிட்டி கேட்டிருக்கிறது. நான் அங்கே இருந்தேன். அந்த வீட்டு அக்காவின் மகன் இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. வெளியே விடாத மழை. அக்கா அன்றைக்கும் கொழுந்து பறிக்கப் போய்விட்டுத்தான் வந்திருந்தார். விரல் நுனியில் தேயிலைக் கறை அப்படியே இருந்தது. வருஷப் பிறப்பு நடுராத்திரி ஆராதனையில் அவர் எடுத்த வாக்குத்தத்த அட்டை, அந்த வருஷத்துக்கென்று ஒரே ஒரு வசனம் அச்சிட்டது, சுவரில் ஒட்டியிருந்தது. எரேமியா 29:11. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." வந்தவர்கள் ஒவ்வொருவரும் அதையே காட்டி, "விசுவாசிங்க அக்கா" என்றார்கள். அக்கா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். என் முறை வந்தபோது அந்த அட்டையைக் காட்ட எனக்கு வாய் வரவில்லை. 88-ஐத் திறந்தேன். 18 வசனம். அதைப் பாடினவன் இரவும் பகலும் தேவனைக் கூப்பிடுகிறான், பதில் இல்லை. கடைசிவரைக்கும் விடியவே இல்லை. "சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர்" என்ற இடத்தில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்படியெல்லாம்கூட பைபிள்ல போட்டிருக்கா டீச்சர்?" என்றார். அப்புறம்தான் அழுதார். மூன்று வாரத்தில் அம்மா அழுதது இப்போதுதான் என்று மகள் சொன்னாள்.

இதைத்தான் சோர்வு என்று கமிட்டியில் சொல்லியிருக்கிறார்கள். சின்ன வயதிலிருந்து நம் சபைக்கு வருகிற ஒரு தாய்க்கு, தன்னைப் போலவே ஒருவன் தேவனிடம் கதறியிருக்கிறான் என்பதே தெரியாமல் இருந்திருக்கிறது. அது அவர் குற்றமா ஐயா?

அந்த அட்டை வசனத்தையே எடுத்துக்கொள்வோம். அதற்கு முந்தின வசனம் 70 வருஷம் பாபிலோனில் இருக்க வேண்டும் என்கிறது. அதற்கும் மேலே, ஐந்தாம் வசனத்தில், வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டுங்கள் என்று இருக்கிறது. நாளைக்கே கஷ்டம் தீர்ந்துவிடும் என்று சொன்ன கடிதம் இல்லை அது. சொந்த மண்ணைவிட்டுப் பெயர்க்கப்பட்டவர்களுக்கு, போன இடத்தில் எப்படி வாழ்வது என்று சொன்ன கடிதம். இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து கப்பலேறி வந்து, இந்த மலையில் தேயிலை நட்டுப் பிழைத்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். எங்களுக்கு இதைவிடப் பொருத்தமான அதிகாரம் எது? ஆனால் அட்டையில் அடங்கிய ஒரு வசனம்தான் எங்கள் கைக்கு வந்தது.

எழுத வந்தாயிற்று, இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அறுப்பின் பண்டிகை வந்தால் மேடையில் கேரட்டும் கோஸும் உருளைக்கிழங்கும் குவியும், ஏலம் நடக்கும், பிரசங்கம் மல்கியா 3:10. தசமபாகம், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு. நல்லது, கொடுக்கிறோம். ஆனால் ஐந்து வசனம் மேலே, அதே அதிகாரத்தில், "கூலிக்காரரின் கூலியை அபகரித்துக்கொள்ளுகிறவர்களுக்கு" விரோதமாகக் கர்த்தரே சாட்சியாக வருவேன் என்கிறார். அதை ஒரு வருஷமாவது பிரசங்கித்தோமா? கிராஜுவிட்டி பணத்துக்காக வருஷக்கணக்காக அலைகிற பெரியவர்கள் நம் பின்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். கூலியைப் பற்றி லேவியராகமத்திலும் இருக்கிறதே என்றதற்கு, அந்தப் புத்தகம் யூதருக்கானது என்று ஒருமுறை எனக்குப் பதில் சொன்னார்கள். பலிகள் நமக்கு இல்லை, சரி. ஆனால் கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கலாகாது என்று அங்கே 19:13-இல் எழுதியிருப்பதை யாக்கோபு தன் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் திரும்ப எடுத்துப் பேசுகிறார். பிறனை உன்னைப்போல் நேசி என்று ஆண்டவர் எடுத்துச் சொன்னதும் அதே 19-ஆம் அதிகாரத்திலிருந்துதான். ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

இயேசுவைச் சோதித்தபோது பிசாசு காட்டியதும் ஒரு வாக்குத்தத்தம்தான். நாம் பிரயாணத்துக்குக் கிளம்பும்போதெல்லாம் சொல்லுகிற 91-ஆம் சங்கீதம். ஆண்டவர் அதைப் பொய் என்று சொல்லவில்லை. உபாகமத்திலிருந்து எடுத்து, "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக என்றும் எழுதியிருக்கிறதே" என்றார். அந்த "என்றும்" இல்லாமல்தான் நாம் பிள்ளைகளை வளர்க்கிறோம். நேரமாகிவிட்டது என்றால் ஆராதனையில் முதலில் வெட்டுப்படுவது பழைய ஏற்பாட்டுப் பாடம். 1715-இல் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டுக் கொடுத்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு அதோடு நிறுத்தவில்லை. பழைய ஏற்பாட்டில் ரூத் வரைக்கும் தமிழாக்கி, 1719-இல் கண்மூடினார். மீதியை அவருக்குப் பின் வந்த மிஷனரி சூல்ட்சே முடித்தார். அப்படிக் கிடைத்த புத்தகம் இது.

எல்லாப் பகுதியும் எளிது என்று நான் சொல்லவில்லை. ஒரு பெண்ணை ஊரார் சீரழித்துச் சாகடிக்கிற நியாயாதிபதிகள் 19-ஐப் பிள்ளைகளுக்கு நடத்த எனக்கே தைரியம் இல்லை. அப்படிப்பட்ட இடங்களுக்குத்தானே ஐயா நீங்கள் வேண்டும்? மறைத்து வைப்பதற்கு இல்லை, விளக்குவதற்கு.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. அந்த முடிவைத் திரும்பப் பெற வேண்டும். ஞாயிறுதோறும் இரண்டு அதிகாரம், வரிசையாக, ஒன்றையும் விடாமல் சபையில் வாசிக்க வேண்டும். 1,189 அதிகாரமும் முடிய பதினொன்றரை வருஷம் ஆகும். இன்று நாலு வயதில் ஓய்வுநாள் பள்ளிக்கு வருகிற பிள்ளை, சபையின் முழு அங்கமாகத் திடப்படுத்தலுக்கு நிற்கிற வயதில் வேதம் முழுவதையும் ஒருமுறை காதால் கேட்டிருக்கும்.

கோபத்தில் ஏதாவது மரியாதைக் குறைவாக எழுதியிருந்தால் மன்னியுங்கள். வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜெபக் கூட்டம் மறுபடியும் அந்த அக்கா வீட்டில்தான். அதே சங்கீதத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். நீங்களே வந்து வாசியுங்கள் ஐயா. பாய் விரித்து வைக்கிறோம்.